ஜனேலே: ‘போதும்’ என்று ஒரு பெண்ணின் பெயர்

குழந்தைகளுக்குப் பெயர் தேடுவோருக்கான பட்டியல்களில் ஜனேலே என்ற ஜூலு பெயருக்கு எதிரே பெரும்பாலும் ஒற்றைச் சொல்தான் இருக்கும்: ‘போதும்’. கொஞ்சம் அக்கறையோடு தொகுத்தவர்கள் ‘பெண்கள் போதும்’ என்று விரித்திருப்பார்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் யார் சொன்னது, யாருடைய காதில் விழட்டும் என்று சொன்னது, அலுப்பில் சொன்னதா மனம் நிறைந்து சொன்னதா என்பதையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பெயருக்குப் பொருள் சொல்வது, ஒரு தரப்பை மட்டும் விசாரித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது போன்றது. அந்தத் தீர்ப்பும் வழக்கமாக ஒன்றுதான்: ‘பெண் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் இன்னொரு சமூகம்.’ விஷயம் அத்தனை எளிதில்லை.

ஜூலு, தென்னாப்பிரிக்காவில் மிக அதிகமானோர் வீட்டில் பேசும் மொழி. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், அதாவது 24.4 சதவீதத்தினர், ஜூலு பேசுகிறார்கள். டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் உள்ள குவாஜூலு-நடால் மாகாணம்தான் அதன் தாய்மண். கோஸா, ஸ்வாட்டி, டெபெலே ஆகியவை அதன் நெருங்கிய உறவு மொழிகள். அதனால் ஜனேலே என்ற பெயரை ஜூலுக்கள் மட்டுமே வைப்பதில்லை. கோஸா பேசும் கிழக்குக் கேப் பகுதியிலும் ஜனேலேக்கள் உண்டு. அண்டை நாடான எஸ்வாட்டினியில் இதே பெயர் ‘தனேலே’ ஆகிவிடுகிறது, பெயரின் தொடக்கத்திலுள்ள, ஆங்கில z போன்ற ஜூலு ஒலி பல இடங்களில் ஸ்வாட்டியில் ‘த’வாக மாறிவிடுவதால். தமிழில் அந்த ஒலியே இல்லை. ஜூலு, ஜிம்பாப்வே, ஜூமா என்று எழுதிப் பழகிய கையால் ஜனேலே என்றே எழுதலாம். உச்சரிக்கும்போது ஈற்றயல் அசையை நீட்ட வேண்டும் என்பது ஜூலுவின் பொது விதி. ‘னே’யில் சற்று நின்றுவிட்டு ‘லே’யைத் தொட்டுவிட்டால் போதும்.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் சங்கதி முழுவதும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. ஜூலுவில் பெயர்ச்சொற்கள் ஆண்பால் பெண்பால் என்று பிரிவதில்லை. அவை பத்துக்கும் மேற்பட்ட குழுக்களாகப் பிரிகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முன்னொட்டு உண்டு. எழுவாய் எந்தக் குழுவோ அதற்குரிய அடையாளத்தை வினைச்சொல் தன் தலையில் சூடிக்கொள்ளும். ‘இன்டோம்பி’ என்றால் பெண், கன்னிப்பெண். பன்மையில் ‘இஜின்டோம்பி’. இந்தப் பன்மைக் குழுவின் வினை அடையாளம் ‘ஜி’. ‘உக்வனேலா’ என்றால் போதுமானதாக இருத்தல், நிறைவடைதல். அதன் நிறைவு வடிவம் ‘அனேலே’. ‘ஜி’யும் ‘அனேலே’யும் சேரும்போது இரண்டு உயிர்கள் மோதுகின்றன, முன்னது கெட்டுப் பின்னது நிற்கிறது. ‘ஜனேலே’ பிறக்கிறது. நம் புணர்ச்சி விதிகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆகவே ஜனேலே ஒரு முழு வாக்கியம். எழுவாயின் அடையாளமும் வினையும் அதற்குள்ளேயே இருக்கின்றன: ‘அவை போதுமானவையாக உள்ளன.’ எழுவாய் மட்டும் வெளியே நிற்கிறது. அதையும் உள்ளே இழுத்து ‘ன்டோம்பிஜனேலே’ என்று முழுப் பெயராக வைப்பதும் உண்டு. அப்போது ஐயத்துக்கு இடமில்லை: பெண்கள் போதும். ஆனால் சுருக்கமாக ஜனேலே என்று மட்டும் சொன்னால், இலக்கணம் கதவை முழுதாக மூடுவதில்லை. ‘ஜி’ என்ற அடையாளம் இன்டோம்பிக்கு மட்டும் சொந்தமானதல்ல. மாடுகளைக் குறிக்கும் ‘இஜின்கோமோ’வுக்கும் அதே அடையாளம்தான். கண்ணீர்த் துளிகளைக் குறிக்கும் ‘இஜின்யெம்பெஜி’க்கும் அதேதான். பரிசுகள், ஆசிகள் ஆகியவை வேறு குழுவைச் சேர்ந்தவை. ஆனால் அந்தக் குழுவின் வினை அடையாளமும் ‘ஜி’யாகவே இருக்கிறது. பெயர் வைத்தவருக்குத் தெரியும் எது போதும் என்று. கேட்பவர் தனக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்ளலாம். பெண் குழந்தைக்கு வைத்த பெயர் என்பதால் ‘பெண்கள்’ என்று நிரப்புவதே வழக்கம்.

இதே வேர் வேறு எழுவாய்களோடு சேர்ந்து ஒரு குடும்பமாகவே கிளைத்திருக்கிறது. ‘சனேலே’ என்றால் ‘எங்களுக்குப் போதும், நாங்கள் நிறைந்தோம்’. இது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. ‘க்வனேலே’ என்றால் ‘போதும் அது’. இதுவும் அதிகம் ஆண்களுக்கே. பேரணிகளில் ‘க்வனேலே, க்வனேலே’ என்று இரட்டித்து முழங்கும்போது அது ‘பொறுத்தது போதும்’ ஆகிவிடுகிறது. ‘அனேலே’ இருபாலருக்கும் வரும். ‘சனெலிசிவே’ என்றால் ‘எங்கள் மனம் நிறைக்கப்பட்டது’. அதைப் பெண்ணுக்கு வைக்கிறார்கள். ‘எங்களுக்குப் போதும்’ என்று தன்மையில் சொன்னால் பையன், ‘அவை போதும்’ என்று எண்ணிச் சொன்னால் பெண் என்று அவசரமாக ஒரு கோடு கிழிக்க நினைப்பவரை சனெலிசிவே தடுத்து நிறுத்திவிடுகிறாள். ஒரே வேர்தான் அலுப்பையும் திருப்தியையும் சுமக்கிறது. தமிழில் விருந்தாளி ‘போதும்’ என்று கையை மறைப்பதற்கும், சண்டைக்காரன் ‘போதும்’ என்று எழுந்து நிற்பதற்கும் நடுவே உள்ள தூரம் அதற்குள்ளும் இருக்கிறது.

அந்தத் தூரத்தில் இந்த ஜனேலே எங்கே நிற்கிறாள் என்று அறிய நல்ல வழி, அவளுடைய உடன்பிறந்தவர்களின் பெயர்களைக் கேட்பதுதான். ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். மூத்தவள் தாண்டிவே, ‘நேசிக்கப்பட்டவள்’. முதல் குழந்தை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்தவள் ன்டோம்பிஃபூதி, ‘மறுபடியும் பெண்’. மூன்றாமவள் ன்டோம்பிஜோட்வா, சுருக்கமாக ஜோட்வா: ‘வெறும் பெண்களாகவே’. நான்காமவள் ஜனேலே. அதற்குப் பிறகு ஒரு பையன் பிறந்தால் ம்ஃபனஃபிகிலே, ‘பையன் வந்துவிட்டான்’. இந்த ஐந்து பெயர்களையும் வரிசையாகச் சொன்னாலே அந்த வீட்டின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கதை வந்துவிடும். இவை கற்பனையில் கோத்த வரிசை என்றாலும் ஒவ்வொரு பெயரும் ஜூலு ஊர்களில் சாதாரணமாகக் காதில் விழுவதே. பெயரைத் தனியே எடுத்து அகராதியில் வைத்தால் கதையில் ஒரு வரி மட்டுமே மிஞ்சும்.

இந்த வழக்கத்தில் பையன்களுக்கும் விலக்கு கிடையாது. ம்ஃபனஃபூதி என்றால் ‘மறுபடியும் பையன்’. வரிசையாக ஆண்களாகவே பிறந்த வீட்டில் இந்தப் பெயர் வரும். துக்கத்துக்குப் பிறகு பிறந்த பெண் டுடுஜிலே, ‘ஆறுதல் தந்தாள்’. நெடுநாள் காத்திருந்து பெற்றவள் லிண்டிவே. மழை நாளில் பிறந்தவள் நோம்வூலா. வீட்டுக்குச் சேரவேண்டிய மாடுகள் திரும்பிவந்த நிம்மதியில் பிறந்தவள் ஜிபுயிலே, ‘அவை திரும்பிவிட்டன’. இந்தப் பெயரிலும் அதே ‘ஜி’தான், இங்கே அது மாடுகளைக் குறிப்பதாகக் கொள்வதே வழக்கம். பெயர் என்பது பிறந்த குழந்தையின் மீது ஒட்டிய விலைச்சீட்டு என்பதைவிட, பிறந்த நேரத்தில் வீட்டில் நடந்த பேச்சின் பதிவு என்பதே ஜூலு வழக்கத்துக்குப் பொருத்தமான விளக்கம்.

அந்தப் பேச்சு யாரை நோக்கியது? மரபாகப் பெயர் வைப்பது தந்தை வழிப் பெரியவர்கள்: தாத்தா, பாட்டி, தந்தை. தாயும் ஒரு பெயர் வைப்பதுண்டு. ஒரே பிள்ளைக்குப் பல பெயர்கள் வழங்குவது சாதாரணம். ‘இம்பெலேகோ’ என்ற சடங்கில் ஓர் ஆட்டை வெட்டி, குழந்தையை ‘அமாட்லோஜி’ எனப்படும் முன்னோருக்கு அறிமுகப்படுத்துவார்கள். அந்த ஆட்டின் தோலில் செய்த காப்பைக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவார்கள். ஆக, ‘அவை போதும்’ என்ற வாக்கியம் உயிரோடு இருப்பவர்கள் காதில் மட்டும் விழுவதில்லை. பிள்ளைகளைத் தருபவர்கள் என்று நம்பப்படும் மூதாதையரிடம் வைத்த விண்ணப்பமாகவும் அதைக் கேட்கலாம்.

அக்கம்பக்கத்தாருக்கும் அதில் பங்குண்டு. ஒரு வளாகத்துக்குள் பல மனைவியரும் பல குடிசைகளும் சேர்ந்து வாழ்ந்த சமூகத்தில், நேரே முகத்துக்கு எதிரே சொல்ல முடியாததைப் பெயர் வழியாகச் சொல்வது தேர்ந்த கலையாகவே வளர்ந்தது. நாய்களுக்குக்கூட அப்படிப் பெயர் வைப்பார்கள். பக்கத்து வீட்டாரைக் குத்திக்காட்டும் ஒரு வாக்கியத்தை நாய்க்குப் பெயராக வைத்துவிட்டு, மாலையில் வேலியோரம் நின்று ‘நாயை’ உரக்கக் கூப்பிட்டால் சேரவேண்டிய இடத்துக்குச் செய்தி சேர்ந்துவிடும். கேட்டால் நாயைத்தானே கூப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜூலு பெயர்களை ஆராய்ந்த மொழியியலாளர்கள் இந்த நாய்ப் பெயர்களையும் தனியே தொகுத்து எழுதியிருக்கிறார்கள். படித்தால் சிரிப்பு வரும். அந்த ஊர்களில் கோள்சொல்லிகளுக்கு வேலையே இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

ஜூலு வரலாற்றின் மிகப் பெரிய பெயரே இப்படி ஒரு வாய்ச்சண்டையில் பிறந்தது என்பது மரபுக் கதை. லங்கேனி குலத்துப் பெண் நாண்டி, ஜூலு தலைவன் சென்ஸங்ககோனாவால் கருவுற்றாள் என்று அவள் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். ஜூலு பெரியவர்கள் அதை மறுத்து, அவள் வயிற்றில் இருப்பது ‘இஷாகா’வாக இருக்கும் என்று கிண்டலாகப் பதில் அனுப்பினார்களாம். மாதவிலக்கைத் தடுக்கும் என்று அவர்கள் நம்பிய ஒரு குடல் வண்டின் பெயர் அது. 1787 வாக்கில் குழந்தை பிறந்ததும் நாண்டியின் வீட்டார், ‘உங்கள் இஷாகாவை வந்து எடுத்துப்போங்கள்’ என்றார்கள். பின்னாளில் ஜூலு அரசை எழுப்பிய மன்னன் ஷாகாவின் பெயர் அப்படி நிலைத்தது என்கிறது கதை. கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, பெயர் என்பது பதிலடியாகவும் இருக்கலாம் என்பதை ஜூலுக்கள் இயல்பாக எடுத்துக்கொள்வதை அது காட்டுகிறது. நாண்டி என்ற பெயரோ ‘இனியவள்’ என்ற பொருள் தருவது.

இனி, பெண்கள் போதும் என்று ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி. தமிழ் வாசகர் மனதில் உடனே வரதட்சணை வந்து நிற்கும். ஜூலு கணக்கு அதற்கு நேர் எதிர். அங்கே திருமணத்தில் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டார். ‘இலோபோலோ’ என்பது பெண் வீட்டுக்குச் சேரும் மாடுகள். நடால் காலனியில் சுதேசி விவகாரச் செயலராக இருந்த தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோன் 1869இல் இதற்கு ஓர் உச்சவரம்பு வகுத்தார்: சாதாரணக் குடிமகனின் மகளுக்குப் பத்து மாடுகள். அதற்கு மேல் பெண்ணின் தாய்க்கென்று ‘இங்குத்து’ எனப்படும் பதினோராவது மாடு. வெள்ளை அதிகாரி எழுதிய இந்தக் கணக்கு பின்னர் பழைய மரபு போலவே நிலைத்துவிட்டது. ‘பத்தும் தாய்க்கு ஒன்றும்’ என்று இன்றும் பேசுகிறார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் ரொக்கமாகத்தான் தருகிறார்கள். ஆனாலும் பேரத்தில் மாட்டின் எண்ணிக்கையே ஓடும். ஒரு மாட்டுக்கு இத்தனை ரேண்ட் என்று பேசி முடிப்பார்கள். 1998ஆம் ஆண்டின் மரபுவழித் திருமணங்களை அங்கீகரிக்கும் சட்டம் இலோபோலோவைத் தடைசெய்யவில்லை, ஏற்றுக்கொண்டது.

ஒரு பெண்ணுக்கு வந்த மாடுகள் அவளுடைய சகோதரன் மனைவியைக் கொண்டுவரப் பயன்படும். மகள்கள் நிறைந்த தந்தை வருங்காலத்தில் தொழுவம் நிறைந்தவன். அப்படியானால் நாலாவது பெண்ணும் வரவுதானே? வரவுதான். ஆனால் அந்த மாடுகளைக் கட்டி வளர்க்க ‘உமூஜி’ வேண்டும், அதாவது மாட்டுப்பட்டியை நடுவே வைத்து வட்டமாக அமைந்த குடும்ப வளாகம். அதன் தலைவன் ஆண். முன்னோரை அழைத்துப் பேசுபவன் அவன். குலப்பெயர் தொடர்வது அவன் வழியே. பெண்கள் மணமாகி வேறு உமூஜிக்குப் போய்விடுவார்கள். மகனில்லாத வளாகம் அவிந்துபோகும் என்ற அச்சம் அந்தச் சமூகத்தில் எவ்வளவு ஆழமானது என்றால், வாரிசில்லாமல் இறந்தவனுக்கு வாரிசு உண்டாக்கித் தரவே ‘உகுவூசா’, அதாவது எழுப்புதல், என்றொரு திருமண முறை இருந்தது. இறந்தவன் பெயரில் உறவினன் ஒரு பெண்ணை மணந்து பெறும் பிள்ளை, இறந்தவனின் வாரிசாவான். ஆக, ஒரே குழந்தை தொழுவத்தில் வரவாகவும் வளாகத்தில் வெற்றிடமாகவும் எண்ணப்படுகிறது. ஜனேலே என்ற பெயரின் இரட்டைத் தொனிக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சட்டமும் நெடுங்காலம் அந்த வெற்றிடத்தின் பக்கமே நின்றது. 1927ஆம் ஆண்டின் கறுப்பர் நிர்வாகச் சட்டமும் அதன் விதிகளும், உயில் எழுதாமல் இறந்த ஆப்பிரிக்கரின் சொத்தை மரபுச் சட்டப்படி மூத்த ஆண் வாரிசுக்கே கொண்டுசேர்த்தன. நிறவெறி ஆட்சி முடிந்து பத்தாண்டுகள் ஆன பிறகும் அது அமலில் இருந்தது. கேப் டவுன் அருகே கயெலிட்ஷாவில் ஒருவர் இறந்தபோது, அவருக்கு இரண்டு சிறு பெண் குழந்தைகள் மட்டுமே இருந்தார்கள். குடும்பம் குடியிருந்த இடத்துக்கு இறந்தவரின் தந்தை வாரிசானார். அந்தச் சொத்தை விற்று இறுதிச் சடங்குச் செலவைக் கட்ட அவர் முற்பட்டார். குழந்தைகளின் தாய் வழக்குத் தொடுத்தார். 2004 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், துணைத் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில், ஆண் மூத்த வாரிசு என்ற அந்த விதியை ரத்து செய்தது. பே வழக்கு என்று அறியப்படும் இது கோஸா பேசும் குடும்பத்தைப் பற்றியது என்றாலும் அதன் விளைவு ஜூலுக்கள் உள்பட எல்லோருக்கும் பொருந்தும். ‘பெண்கள் போதும், ஒரு பையன் வேண்டும்’ என்ற பேச்சுக்குப் பின்னால் இப்படிக் கண்ணுக்கு முன்னால் நடக்கக்கூடிய நஷ்டமும் இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இணை தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. போதும்பொண்ணு என்ற பெயர் நம் கிராமங்களில் புழங்கியதுதான். திருத்தணி அருகே நாராயணபுரத்தில் வரிசையாகப் பெண் பிறந்தால் ‘வேண்டாம்’ என்றே பெயர் வைக்கும் வழக்கம் செய்திகளில் அடிபட்டது. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘நகுசா’, வேண்டாதவள், என்று பெயர்கொண்ட 285 பெண்களுக்கு 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் பெயர் மாற்றிக் கொடுத்தது. ஜனேலேயையும் இந்த வரிசையில் சேர்த்துவிடத் தோன்றுவது இயல்புதான். நான் சேர்க்க மாட்டேன். வேண்டாம் என்பதும் நகுசா என்பதும் குழந்தையையே சுட்டுகின்றன: நீ வேண்டாம். ஜனேலே குழந்தையைத் தனியே சுட்டுவதில்லை. ‘அவை’ என்ற பன்மையில் அக்காமார்களோடு அவளும் ஒருத்தி. போதும் என்பது எண்ணிக்கை. போதும்பொண்ணு இதற்கு நெருங்கி வருகிறது, ஆனால் நம்மிடம் ‘போதும்பையன்’ இல்லை. ஜூலுவில் ம்ஃபனஃபூதி உண்டு. மகன்களைப் பற்றியும் பெற்றோர் அலுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமூகம் அனுமதிக்கும்போது மகள்களைப் பற்றிய அலுப்பின் கூர் கொஞ்சம் மழுங்குகிறது. முழுதாக மழுங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ன்டோம்பிஃபூதி, ஜோட்வா, ஜனேலே என்று பெண் எண்ணிக்கையைப் பற்றி இத்தனை பெயர்கள் இருப்பதே அதற்குச் சாட்சி.

பெயரைச் சுமந்தவர்கள் அதை மறைத்ததாகவும் தெரியவில்லை. 1938இல் ஜோஹன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ராவில் பிறந்த ஜனேலே ட்லாமினி, சமூகப் பணியில் பயிற்சி பெற்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பணியாற்றியவர். 1974இல் இங்கிலாந்தில் தாபோ எம்பெகியை மணந்தார். கணவர் அதிபராக இருந்த 1999 முதல் 2008 வரை நாட்டின் முதல் பெண்மணியாக இருந்தபோதும் மேடைகளைவிட்டு ஒதுங்கியே நின்றார். அதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், கிராமப்புற ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் தரும் அமைப்பை அவர் தொடங்கியிருந்தார். ஜனேலே சிட்டு சிட்னி 2000 பாராலிம்பிக்கில் பெண்கள் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் மறுபடியும் வென்றார்.

உலக அரங்கில் இந்தப் பெயரை அதிகம் ஒலிக்கச் செய்தவர் ஜனேலே முஹோலி. 1972இல் டர்பனை ஒட்டிய ஊம்லாஜியில் வீட்டின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். தாய் வீட்டு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். நிறவெறிச் சட்டங்களுக்குப் பிந்தைய தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத் தற்பால் ஈர்ப்புப் பெண்களையும் திருநர்களையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்து, லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம் வரை கொண்டுசென்ற புகைப்படக் கலைஞர். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ வகைப்படுத்திக்கொள்ள முஹோலி விரும்புவதில்லை; ஆங்கிலத்தில் தன்னைப் பன்மைப் பிரதிப்பெயரால் குறிக்கச் சொல்கிறார். தமிழில் எழுதும் எனக்கு இதில் சிரமமே இல்லை, ‘அவர்’ காப்பாற்றிவிடுகிறது. ஜூலுவிலும் சிரமம் இல்லை, அங்கே அவன் அவள் என்ற பிரிவே கிடையாது. பெண்களைக் குறிக்கும் பெயருக்குள்ளும் பெண்பால் விகுதி என்று ஒன்று இல்லை. இருப்பது ‘ஜி’ என்ற குழு அடையாளம் மட்டுமே.

பெயராக வாழ்க்கைக்குள் நுழைந்தபின் இந்த வாக்கியத்துக்கு என்ன ஆகிறது என்பதும் சுவாரஸ்யமானது. ஆள்பெயர் ஆனதும் அது வேறு குழுவுக்கு மாறிவிடுகிறது. முன்னே ‘உ’ சேர்ந்து ‘உஜனேலே’ ஆகிறது. வினைச்சொல் ஒருமையில் வருகிறது. ‘உஜனேலே உயஹாம்பா’ என்றால் ஜனேலே போகிறாள். உள்ளே பன்மை, வெளியே ஒருமை. வாசலில் நின்று கூப்பிடும்போது அந்த ‘உ’ உதிர்ந்து வெறும் ‘ஜனேலே!’ ஆகும். ஜனேலேயும் அவள் கூட்டாளிகளும் என்று சொல்ல ‘ஓஜனேலே’ போதும்.

திருமணத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கூப்பிடுவோர் குறைந்துபோவார்கள். புகுந்த வீட்டில் பெண்ணை அவளுடைய பிறந்த குலப்பெயரின் முன் ‘மா’ சேர்த்து அழைப்பதே மரியாதை: மாட்லாமினி, மாகுமாலோ. குழந்தை பிறந்தபின் இன்னாருடைய அம்மா. அவளோ, ‘ஹ்லோனிபா’ என்ற வழக்கப்படி மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரிலுள்ள அசைகள் வரும் மற்றச் சொற்களையும் வாயில் எடுக்கக் கூடாது. மாமனார் பெயரில் தண்ணீரைக் குறிக்கும் ‘அமான்ஜி’யின் சாயல் இருந்தால் தண்ணீரை ‘அமாண்டாம்பி’ என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். கணவர் பெயரைச் சொல்லாமல் ஆயுளை ஓட்டிய நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால், தங்களுக்கு ஒரு பெயரோடு போயிற்றே என்று ஆறுதல் கொள்வார்கள்.

பள்ளிக்கூடமும் தேவாலயமும் வேறு வகையில் கைவைத்தன. மிஷன் பள்ளியில் சேரும்போது ஒரு கிறிஸ்தவ ஆங்கிலப் பெயர் சேர்ந்துகொள்ளும். ரோலிஹ்லாஹ்லா மண்டேலா என்ற கோஸா சிறுவனுக்குப் பள்ளியின் முதல் நாளில் ஆசிரியை நெல்சன் என்று பெயர் வைத்தது உலகறிந்த கதை. பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று பல தலைமுறைகள் வாழ்ந்தன. வெள்ளை எஜமானிக்குச் சுலபமான பெயர் வெளியே. ஜனேலேயும் ன்டோம்பிஃபூதியும் வீட்டுக்குள். அந்தப் பெயர்களை வீட்டிலேயே வைத்திருந்ததால் அவற்றின் குறும்பும் முறையீடும் வெளியாருக்குப் புரியாமலேயே தப்பின என்றும் சொல்லலாம். 1970களில் கறுப்பு உணர்வு இயக்கம் வலுத்தபோது இளைஞர் பலர் ஆங்கிலப் பெயரை உதறினார்கள். 1994க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் ஆங்கிலப் பெயரே இல்லாதவர்கள் ஏராளம்.

பெயர் வெளியே வந்ததும் அதன் பேச்சும் மாறத் தொடங்கியது. நகரத்து இளம் பெற்றோர் பெயர் வழியே மாமியாரிடமோ முன்னோரிடமோ வழக்காடுவதைவிடக் குழந்தைக்கு வாழ்த்துச் சொல்லவே விரும்புகிறார்கள். தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் பிறப்புப் பதிவுகளோடு வெளியிடும் பெயர்ப் பட்டியல்களில் அண்மைக் காலத்தில் மெலோகூஹ்லே, ‘நல்லதன் பக்கம் நில்’, அமாஹ்லே, ‘அழகியர்’, போன்ற பெயர்கள் முன்வரிசையில் வருகின்றன. ‘மறுபடியும் பெண்’ என்று பிள்ளைக்குப் பெயர் வைக்க இன்று டர்பனில் ஒரு தாய் தயங்குவாள். ஜனேலேக்கு அந்தத் தயக்கம் குறைவு, எழுவாய் வெளியே இருப்பதால். தேவாலயத்தில் வளர்ந்த பெற்றோர் ‘ஆசிகள் போதும்’, ‘கடவுள் தந்த பரிசுகள் போதும்’ என்று அதை வாசிக்கிறார்கள். இலக்கணம் அதற்கு இடம்கொடுக்கிறது. ஆசிகளும் பரிசுகளும் ‘ஜி’யைத்தான் கேட்கின்றன. பழைய பொருள் தெரிந்த பாட்டி சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம்.

அமாஹ்லேயையும் ஒருமுறை பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அதுவும் பன்மைதான், அதிலும் எழுவாய் வெளியேதான். பெண் பிள்ளைகளைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘அமண்டோம்பஜானே’யோடு சேரும் வடிவம் அது. இதன் இரட்டையான ஜின்ஹ்லேயில், ‘அவை அழகியவை’, ஜனேலேயின் அதே ‘ஜி’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வந்தவளைப் பார்த்துவிட்டு அக்காமார்களையும் சேர்த்து ‘இவர்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லும் பழக்கத்தை ஜூலு பெற்றோர் இன்னும் விடவில்லை. என்ன சொல்கிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. ஜனேலேக்கள் இன்று தாய்களாகவும் பாட்டிகளாகவும் இருக்கிறார்கள். அவர்கள் பெறும் பெண்களுக்கு அமாஹ்லே என்றும் ஜின்ஹ்லே என்றும் பெயர் வைக்கிறார்கள், மூன்றாவதாகப் பிறந்தவளுக்கும்கூட.